செய்முறை எழுதுகிறவள்

ஜெயசித்ரா என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால், அவளால் ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. டீச்சர் என்றால் டீச்சர். தறிக்குப் போகிறாள் என்றால் சங்கரன்கோவிலில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். இவள் செய்வது, மற்றவர்கள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று எழுதுவது. அதற்கு ஒரு கம்பெனி சம்பளம் தருகிறது. இப்போது ராஜபாளையம் பக்கத்திலிருந்து வேறு இரண்டு கம்பெனிகளும் கூப்பிட்டு விட்டிருக்கின்றன.

"அப்ப வேவு பாக்குத வேலையா?" என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு அம்மாள் கேட்டே விட்டாள். ஜெயசித்ரா சிரித்து வைத்தாள். இல்லை என்று அடித்துச் சொல்ல அவளுக்கே அப்போது துணிவில்லை.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் அவள். அம்மா படுக்கையில் விழுந்ததும் வீட்டில் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது. பேசுவது குறைவு. யாராவது நேருக்கு நேர் ஏதாவது கேட்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் கண் சும்மா இருக்காது. கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு வந்தால், யார் யாரிடம் பேசவில்லை, யார் சாப்பிடாமல் போனார்கள் என்று எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். "உன்னயப் பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு பொய் சொல்ல முடியாது" என்பான் அவள் கணவன் சங்கர். மார்க்கெட்டுக்கு லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். பாதி கிண்டலாகவும் பாதி எரிச்சலாகவும் சொல்லுவான்.

ராஜபாளையம் ரோட்டில், ஊர் முடியும் இடத்தில் மகாராஜன் அண்ணாச்சியின் கம்பெனி இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு வைத்துக் கட்டும் காஸ் துணி அங்கே தயாராகிறது. வெளுத்த துணி பெரிய ரோலாக வரும். வெட்டு மெஷின் அதைத் துண்டு போடும். பெண்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து துண்டுகளை மடித்துக் கட்டுவார்கள். கட்டுகள் உறைக்குள் போய் ஒட்டப்படும். ஜெயசித்ரா அங்கே மடிக்கும் மேசையில் சேர்ந்தாள். அவளுக்கு ஒரு பக்கம் ஆறுமுகத்தாய், மறு பக்கம் கடையநல்லூரிலிருந்து பஸ்ஸில் வரும் ரூபியா. ஆறுமுகத்தாய்க்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கம்பெனி தொடங்கியபோதே வந்தவள். வாயும் வேகம், கையும் வேகம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்று சரக்கு எடுக்கச் சம்மதித்தபோது ஒரு நிபந்தனை போட்டது. கம்பெனியில் ஒவ்வொரு வேலையும் எப்படி நடக்கிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும், வேலை செய்கிறவர்கள் படித்தால் புரிகிற மொழியில் இருக்க வேண்டும், எப்போது வந்து பார்த்தாலும் எழுதியதும் நடப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்காகவே அண்ணாச்சி ஜெஸ்லினை வேலைக்கு எடுத்தார். வாசுதேவநல்லூர்ப் பெண். பாளையங்கோட்டையில் கிருமிகளைப் பற்றிப் படித்தவள். சிறு வயது. கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்து எப்போதும் புருவத்தைச் சுருக்கியே வைத்திருப்பாள்.

ஜெஸ்லின் முதலில் தானே எழுதிச் சுவரில் ஒட்டினாள். தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தத் தமிழை நின்று படிக்க யாருக்கும் பொறுமை இல்லை.

"கோர்ட்டு நோட்டீஸ் மாதிரில்லா இருக்கு" என்றாள் ஆறுமுகத்தாய். "எதுலயும் கையெழுத்துப் போட்றாதீங்கட்டி. பொறவு வீட்டுக்கு அனுப்பிட்டு, நீதான போட்டேம்பாவ."

அதன் பிறகு ஜெஸ்லின் மேசை மேசையாக வந்து கேட்டாள். "எப்படி மடிக்கீங்கன்னு நீங்களே சொல்லுங்க. நான் எழுதிக்கிடுதேன்."

"எப்படின்னா? மடிப்போம்."

"முதல்ல என்ன செய்வீங்க?"

"முதல்ல உக்காருவோம்" என்றாள் ஆறுமுகத்தாய். மேசையே சிரித்தது. ஜெஸ்லினின் காது சிவந்துபோனதை ஜெயசித்ரா மட்டும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஜெயசித்ரா, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியதை ஜெஸ்லினின் கையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். வெட்டுப்பட்ட ஓரம் உள்ளே போக வேண்டும். மடித்த பிறகு நூல் வெளியே தெரிந்தால் பிரித்து மறுபடி மடிக்க வேண்டும். நூலைப் பிடித்து இழுக்கக் கூடாது. இழுத்தால் இன்னும் வரும். இப்படிப் போனது அது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது அக்கா?" என்று ஜெஸ்லின் பின்னாலேயே வந்து கேட்டாள்.

"யாருமில்ல மேடம். ஆறுமுகத்தக்கா மடிக்கதப் பாத்து எழுதுனேன்."

அந்த வாரமே அவளை மேசையிலிருந்து எடுத்து, ஒரு அட்டையும் பேனாவும் கொடுத்து ஜெஸ்லின் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஜெயசித்ராவுக்குச் சந்தோஷத்தைவிடச் சந்தேகமே முதலில் வந்தது. இத்தனை பேர் இருக்க என்னை எதற்குப் பிடித்தாள்? நாளைக்கு ஏதாவது தப்பு நடந்தால், இந்த ஒன்பதாம் வகுப்புக்காரி எழுதியதுதான் காரணம் என்று கைகாட்டத்தானோ? வீட்டில் சொன்னபோது சங்கர் சாப்பாட்டிலிருந்து நிமிர்ந்தான்.

"எழுததுக்கு எவனாவது சம்பளம் குடுப்பானாட்டி? எதுக்கும் கீழ பேரு போடாத."

பேர் போடாமல் அந்த வேலை நடக்காது என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. எழுதியவர் பெயர், சரிபார்த்தவர் பெயர், ஒப்புதல் தந்தவர் பெயர் எல்லாம் ஒவ்வொரு தாளிலும் இருக்க வேண்டும். முதல் தாளில் பெயர் எழுதும்போது அவள் கை வேர்த்து எழுத்து இழுபட்டது.

ஆனாலும் வேலை பிடிக்கத்தான் செய்தது. 'சுத்தமாகக் கழுவவும்' என்று எழுதினால் அது செய்முறையில் ஒரு படி ஆகாது. ஆளாளுக்கு ஒரு சுத்தம். 'முழங்கை வரை சோப்புப் போட்டு, விரல் இடுக்கைத் தேய்த்து' என்று எழுதினால்தான் படி. ஒரு வரியில் ஒரு வேலை. கெட்டுப்போனால் என்ன செய்வது, யாரிடம் சொல்வது என்பதும் இருக்க வேண்டும். முதலாளி கொடுக்கும் வாக்கு கொள்கை; கை செய்வது செய்முறை; இரண்டையும் ஒரே தாளில் குழப்பக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜெஸ்லின் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வாள்: "எப்படிச் செய்யணும்னு நீங்க நினைக்கதை எழுதாதீங்க அக்கா. என்ன நடக்கோ அதை எழுதுங்க. பிடிக்கலைன்னா பிறகு மாத்திக்கிடலாம்." எழுதி முடித்ததும், அந்த வேலையைச் செய்கிறவர் அதை வாய்விட்டுப் படித்து, ஆமாம் இப்படித்தான் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும்.

அட்டையோடு அவள் வந்து நின்றால் பேச்சு அடங்கும். நேற்று வரை அவள் கையிலிருந்து முறுக்கு வாங்கித் தின்றவர்கள், இன்று டிபன் டப்பாவை மூடி வைத்தார்கள். மடிக்கும் மெஷின் வரப்போகிறது, அதற்குத்தான் நம் கையை எழுதி வாங்குகிறார்கள், வாங்கிக்கொண்டு ஆளை அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஜெயசித்ரா இல்லையென்று சொல்லவில்லை. அண்ணாச்சி மனதில் என்ன இருக்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இந்த நேரத்தில்தான் மடிக்கும் அறைக்குள் என்னென்ன கொண்டு வரக் கூடாது என்ற தாளை அவள் எழுத வேண்டியிருந்தது. தலையில் பூ, சேலையில் ஊக்கு, கண்ணாடி வளையல், முகப் பவுடர், வெற்றிலை என்று எழுதிக்கொண்டே வந்தவள், மூக்குப்பொடி என்று எழுதும் முன் கொஞ்சம் தயங்கினாள். கம்பெனியிலேயே பொடி போடுகிறவள் ஆறுமுகத்தாய் ஒருத்திதான். ஜெஸ்லினுக்கு அது தெரியாது. தனக்குத் தெரிந்தும் எழுதாவிட்டால் தப்பு என்று ஜெயசித்ரா எழுதிவிட்டாள்.

தாளை எல்லாருக்கும் படித்துக் காட்டிய அன்று, அந்தச் சொல் வந்ததும் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

"பேரையே போட்டு எழுதிருக்கலாமேட்டி" என்றாள் ஆறுமுகத்தாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்பு கண்ணுக்கு ஏறவில்லை. அன்றிலிருந்து அவள் கம்பெனி கேட்டுக்கு வெளியே போய்ப் பொடி போட்டு, மூக்கையும் கையையும் கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஜெயசித்ராவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்தது. ஒட்டிய உறைகளுக்குள் காஸ் துணி மேல் பழுப்பு நிறப் புள்ளிகள். ஜெஸ்லினின் போனில் படம் இருந்தது. பொடிப்பொடியாக, யாரோ விரலால் தெறித்துவிட்டது போல.

மகாராஜன் அண்ணாச்சி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். சுவரில் இருந்த தாளைப் பார்த்தார். "மூக்குப்பொடி" என்றார். "இங்கன யாரு பொடி போடுதா?"

மேசையைச் சுற்றி எல்லாக் கண்ணும் ஆறுமுகத்தாய் பக்கம் போனது. யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆறுமுகத்தாய் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அண்ணாச்சி கேட்கவில்லை. அவளைப் பின்பக்கம் கொல்லையில் கழிவுத் துணி சேர்க்கும் வேலைக்கு மாற்றினார். அதுவும் கொஞ்ச நாளைக்குத்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து பார்க்கப் போகிறார்கள். புள்ளிக்குக் காரணம் என்ன, அதற்கு என்ன செய்தோம் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

"ஒரு ஆளு பொடி போட்டுது, அந்த ஆள நிப்பாட்டிட்டோம்னு எழுதிரு" என்று அண்ணாச்சி ஜெயசித்ராவிடம் சொன்னார். "எழுதுன பொறவு அந்த ஆள உள்ள வச்சிருக்க முடியாது பாத்துக்க. கணக்கு முடிச்சு அனுப்பிர வேண்டியதுதான்."

துணியைக் கெடுத்தாள் என்று பெயர் எடுத்து வெளியே போகிறவளை, அந்த வயதில் சுற்று வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் உள்ளே விடாது. ஆறுமுகத்தாய்க்கு வீட்டில் சம்பாதிக்க வேறு ஆளும் கிடையாது. இதெல்லாம் ஜெயசித்ராவுக்குத் தெரியும். ஆனாலும் அவள் மனதிலும் ஒரு குரல், 'அவளாகத்தான் இருக்கும்' என்றது. பழக்கம் விடாமல் மடியில் ஒளித்து வைத்திருக்கலாம். எழுத உட்கார்ந்தாள். 'காரணம்' என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் எழுதாமல் பேனாவை மூடினாள். இன்னும் இரண்டு நாள் பார்த்துவிட்டு எழுதலாம் என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஆறுமுகத்தாய் கொல்லையில் இருக்கும்போதே மறுபடி புள்ளி வந்தது.

"அக்கா, இன்னைக்கும் இருக்கு" என்று ஜெஸ்லின் தாழ்ந்த குரலில் சொன்னாள். "அண்ணாச்சிட்ட இன்னும் சொல்லல. நீங்க நல்லாப் பாருங்க."

புள்ளி வந்த செய்தி எப்படியோ மேசைக்குப் போய்விட்டது. ஆறுமுகத்தாய் வயிற்றெரிச்சலில் சாப்பாட்டு நேரத்தில் உள்ளே வந்து தூவுகிறாள் என்றார்கள் சிலர். இன்னொரு பேச்சு ஜெயசித்ராவின் காதில் விழவேண்டும் என்றே கொஞ்சம் சத்தமாக வந்தது.

"எழுதுனது மெய்யாகணும்லா. எழுதுனவளே தூவுதாளோ என்னமோ."

அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் கூசியது. யாரோ ஒருத்தர் தெரிந்தே செய்கிறார்கள் என்று அவளும் நம்பத் தொடங்கினாள். ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். வெட்டு மெஷின் ஓட்டும் கண்ணனுக்குப் புகையிலைப் பழக்கம் உண்டா என்று அவன் வாயைப் பார்த்தாள், இல்லை. ஜெஸ்லினின் பையைக்கூடப் பார்த்தாள், பிறகு அதற்காக வெட்கப்பட்டாள். கடைசியில் அவள் கண் ரூபியாவின் மேல் போய் நின்றது. ரூபியா மட்டும், வெட்டி வந்த துண்டுகளை எடுத்ததும் மடிக்கவில்லை. மேசைக்குக் கீழே கொண்டுபோய் ஒரு உதறு உதறினாள். மேலே இருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். பிறகுதான் மடித்தாள். யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை தலையைத் தூக்கினாள். ஜெயசித்ராவின் கண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் ரூபியா தனியாக டப்பா கழுவிக்கொண்டிருந்தபோது ஜெயசித்ரா பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ எதுக்கு ரூபியா துணிய உதறுதே?"

"தூசி இருந்துச்சுக்கா."

"தூசி இருந்தா மேடத்துட்ட சொல்லணும். நீ ஏன் மேசைக்குக் கீழ வச்சு உதறுதே?"

ரூபியா டப்பாவைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "எழுதப் போறியளா?"

"என்னன்னு தெரிஞ்சாத்தான எழுத."

"என் பேரு வராதுன்னு சொல்லுங்க, சொல்லுதேன்."

ஜெயசித்ரா சரியென்று தலையை ஆட்டினாள்.

"மெஷின் தலையில கண்ணன் அண்ணன் வைக்காவல்லா" என்றாள் ரூபியா. "அது காஞ்சு உதிருது."

ஜெயசித்ராவுக்கு ஒரு நொடி எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் குழாயை மூடிவிட்டு அப்படியே நின்றாள்.

வெட்டு மெஷின் வந்த புதிதில் ஒருவருக்கு விரல் நுனி போய்விட்டது. அதிலிருந்து திங்கட்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வரும் அண்ணாச்சி, அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணைக் கொண்டுவந்து கண்ணனிடம் கொடுப்பார். கண்ணன் புது ரோல் ஏற்றியதும், மண்ணைத் தண்ணீரில் குழைத்து, மெஷினின் தலையில், கத்திக்கு நேர் மேலே, ஒரு பூச்சுப் பூசிக் கும்பிட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவான். அதற்குப் பிறகு யாருக்கும் கையில் கீறல்கூட விழவில்லை. பூச்சு மேல் பூச்சாக ஏறிக் காய்ந்து, மெஷின் அதிரும்போதெல்லாம் உதிர்ந்துகொண்டிருந்தது. கம்பெனி முழுக்க அதைப் பார்த்தது. யாருக்கும் அது மண்ணாகத் தெரியவில்லை. நோய் தீர நெற்றியில் பூசுகிற மண், வயிற்று வலிக்கு வாயில் போடுகிற மண், அது எப்படி அழுக்காகும்?

"ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"நீங்கள்லாம் அதைக் கோயில் மண்ணுன்னு பாக்குதிய. நான் அதத் தூசின்னு சொன்னா, யாரு சொன்னான்னு முதல்ல கேப்பாவ. பொறவு நான் இங்கன வேல பாக்க முடியுமாக்கா? அதான் என் கைக்கு வாரத மட்டும் உதறிட்டு மடிக்கேன்."

ஜெயசித்ராவுக்கு அந்த நாள் நினைவு வந்தது. வெட்டு மெஷின் செய்முறையை எழுதும்போது கண்ணனுக்குப் பக்கத்தில்தான் நின்றாள். அவன் மண் பூசியதையும் பார்த்தாள். அந்த நேரத்தில் பேனாவை அட்டையில் சொருகிவிட்டு அவளும் கும்பிட்டாள். அவன் சுவிட்சைத் தொட்டதும் மறுபடி பேனாவை எடுத்தாள். வேலை செய்ததை எல்லாம் எழுதினாள். கும்பிட்டதை எழுதவில்லை. அது வேலை என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்று மதியமே வெட்டு மெஷின் செய்முறையைப் புதிதாக எழுதினாள். எழுதியதை வழக்கப்படி கண்ணன் கையில் கொடுத்தாள். கண்ணன் ராகம் போட்டுப் படிக்கிறவன்.

"ரோலை ஏற்றிப் பூட்டவும். துணியின் நுனியைக் கத்திக்குக் கீழே இழுத்து வைக்கவும். மெஷினின் தலையில் புற்றுமண் குழைத்துப் பூசிக் கும்..." ராகம் நின்றது. "இது என்ன மதினி? இது எதுக்கு இதுல?"

"நீங்க செய்யுதீயல்லா?"

"செய்யுதேன். அது சாமி காரியம்லா."

"ரோல் ஏத்தாமச் செய்வீயளா?"

"இல்ல."

"செய்யாம சுவிட்ச் போடுவீயளா?"

"அதெப்படி?"

"அப்ப அது நடுவுல வார படிதான."

கண்ணன் மேலே மெஷினின் தலையைப் பார்த்தான். கீழே வெட்டி விழுந்து கிடந்த வெள்ளைத் துணியைப் பார்த்தான். குனிந்து ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். அவன் முகம் வெளுத்துப்போனது. "நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றான். "என்னய மாட்டி விடாதீங்க மதினி. அண்ணாச்சி குடுக்கதத்தான வைக்கேன்." தாளை எடுத்துக்கொண்டு நேரே அண்ணாச்சியின் அறைக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ஜெயசித்ராவுக்கு அழைப்பு வந்தது. அண்ணாச்சி தாளை மேசைமேல் வைத்து அதன் மேல் கையை வைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை.

"யாரு சொல்லி எழுதுனே?"

"யாரும் சொல்லல அண்ணாச்சி."

"ஜெஸ்லின் மேடமா? அவங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க. அவங்களுக்குத் தெரியாது. நம்ம பிள்ளை உனக்குத் தெரியாண்டாமா? இல்ல, அந்தக் கடையநல்லூர்ப் பிள்ளையா?"

ஜெயசித்ராவின் நாக்கு வழக்கம்போல் ஒட்டிக்கொண்டது. கையில் இருந்த அட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் பாத்தேன். மேடத்துக்கு இன்னும் தெரியாது. மெஷின் பக்கத்துல நின்னு எழுதினது நான். அன்னைக்கே எழுதிருக்கணும், விட்டுட்டேன். எங்க வீட்டுலயும் மண்ணு இருக்கு அண்ணாச்சி. பிள்ளைக்குக் காய்ச்சல்னா நானும் பூசுதேன்."

அவர் தாளிலிருந்து கையை எடுத்தார்.

"ஆறுமுகத்தக்கா கொல்லையில இருக்கப்பவும் புள்ளி வருது."

அண்ணாச்சி எழுந்தார். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு, கண்ணனின் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். மெஷினின் தலையில் விரலை வைத்து மெதுவாக இழுத்தார். மண் பொலபொலவென்று கீழே இருந்த துணியில் விழுந்தது. மடிக்கிறவர்கள் எல்லாரும் கையை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் விரலைப் பார்த்தார். விரலில் ஒட்டியிருந்த மண்ணை, நினைத்துச் செய்தாரோ நினையாமல் செய்தாரோ, தன் நெற்றியில் பூசிக்கொண்டார்.

"இறக்கணும்னா நான்தான் இறக்கணும்" என்றார். "வேற யாரும் கை வைக்காதீங்க."

ஒரு பித்தளைத் தட்டு கொண்டுவரச் சொல்லி, மண்ணை முழுவதும் வழித்து அதில் சேர்த்தார். ஈரத்துணியால் மெஷினைத் துடைத்தார். தட்டைக் கொண்டுபோய் வாசலில், கை கழுவும் இடத்துக்கு முன்னால் இருந்த மாடத்தில் வைத்தார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று ஜெயசித்ராவாலேயே சொல்ல முடியவில்லை.

"இப்ப எழுது" என்றார்.

அவள் நின்றபடியே எழுதிக் காட்டினாள். புற்றுமண் வாசல் மாடத்தில் மட்டும் வைக்கப்படும். விருப்பமுள்ளவர்கள் அங்கே பூசிக்கொண்டு, முழங்கை வரை கழுவி, தலை உறை நெற்றியை மறைக்கும்படி போட்டு உள்ளே வரவும்.

"ஆஸ்பத்திரிக்காரனுக்குக் காரணம்னு என்ன எழுதப் போறே? கோயில் பேரு அதுல வரக் கூடாது."

"மெஷின் மேல படிஞ்ச தூள், மெஷின் அதிருதப்ப உதிர்ந்துச்சு, தொடச்சாச்சு, இனி தினமும் தொடைக்கணும்னு எழுதுதேன். அது மெய்தான."

"ம்."

"ஆறுமுகத்தக்கா பேரும் வராதுல்லா?"

அண்ணாச்சி அவளை நிமிர்ந்து பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு இப்படிக் கேட்க யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று அவர் மறுபடியும் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது.

"வராது" என்றார். "நாளைலருந்து மேசைக்கு வரச் சொல்லு."

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள், மெஷினைத் தொட்டுப் பார்த்தார்கள், கண்ணனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார்கள், போனார்கள். சரக்கு போய்க்கொண்டிருந்தது. ஜெஸ்லின் அவளுக்கென்று ஒரு மேசை போட்டுக் கொடுத்தாள். மண்ணை யார் பார்த்துச் சொன்னது என்று ஜெஸ்லினும் ஒருநாள் மெல்லக் கேட்டாள். ஜெயசித்ரா அவளிடமும் சொல்லவில்லை.

ஆறுமுகத்தாய் மேசைக்குத் திரும்பிய அன்று யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தலை உறையைப் போட்டுக்கொண்டு தன் இடத்தில் உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்தாள். கொல்லையில் இருந்த நாட்களின் வெயில் அவள் கழுத்தில் கறுத்துக் கிடந்தது. ஜெயசித்ரா அட்டையோடு பக்கத்தில் வந்து நின்றாள். எப்படித் தொடங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. 

"அந்தப் பொடி வரிய அழிச்சிட்டியா?" என்று ஆறுமுகத்தாய் தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"இல்லக்கா. அது இருக்கும்."

"பாத்தியாட்டி ரூபியா? வேலையத் திருப்பிக் குடுத்தவ, பொடியக் குடுக்க மாட்டேங்கா."

ரூபியா குனிந்துகொண்டாள். மேசையில் யாரோ சிரித்தார்கள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. ஒரு கட்டு முடித்து ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் தடவையாக ஜெயசித்ராவின் முகத்தைப் பார்த்தாள்.

"இப்ப என்ன எழுதுதே?"

"ஒண்ணும் எழுதலக்கா. சும்மா பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"அதாண்டி பயமாருக்கு" என்று சொல்லி, கொஞ்சம் நகர்ந்து அவள் நிற்க இடம் விட்டாள்.